பள்ளத்தாக்கில் ஓய்வுக்காலம்: செலவும் வரியும்

சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, தேனிப் பக்கம் ஒரு வீடு வாங்கி, பென்ஷனிலும் வட்டியிலும் காலம் தள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கான அத்தியாயம் இது. சொந்த ஊர் இங்கே என்பதால் திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். மேற்கே தொடர்ச்சி மலையும் கிழக்கே மேகமலையும் நிற்க, நடுவே முல்லைப் பெரியாறு ஓடும் பச்சையைப் பார்த்து மனம் மாறியவர்கள் இன்னொரு பக்கம். இருவரும் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு இருந்தால் போதும், வரி ஏதாவது மிச்சமாகுமா என்றுதான்.

வரிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊர் மாறுவதால் வருமான வரி ஒரு ரூபாய்கூட மாறாது. அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்கள் ஃப்ளோரிடாவுக்குக் கூட்டமாகப் போவதற்கு வெயில் ஒரு காரணம், அங்கே மாநில வருமான வரி இல்லை என்பது இன்னொரு காரணம். அந்தக் கணக்கை அங்கிருக்கும் பிள்ளைகள் சொல்லக் கேட்டு, இங்கும் அப்படி இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் நாட்டில் சம்பளம், பென்ஷன், வட்டி மீதான வருமான வரி மத்திய அரசுடையது. அடையாறில் இருந்தாலும் அல்லிநகரத்தில் இருந்தாலும் குமுளி தாண்டிக் கேரளத்தில் இருந்தாலும் ஒரே விகிதம்தான். ஊர் மாறும்போது மாறுவது வேறு மூன்று: வீட்டை விற்கும் ஆண்டில் வரும் மூலதன ஆதாய வரி, இங்கே வாங்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வை, அன்றாடச் செலவு. இவற்றில் முதலாவதுதான் பெரிய பணம். ஆனால் பெரும்பாலானவர்கள் காய்கறி விலையை விசாரிக்கும் அளவுக்குக்கூட அதை விசாரிப்பதில்லை.

பென்ஷனுக்கும் வட்டிக்கும் எவ்வளவு வரி?

இங்கே சொல்லும் விகிதங்கள் 2025–26 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும். எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே பயன்படுத்தியிருக்கிறேன்.

புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால் தள்ளுபடி போக வரி இல்லை. பென்ஷன் வாங்குகிறவருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு என்பதால், பென்ஷன் மட்டுமே வருமானம் என்றால் 12,75,000 வரை கவலை வேண்டாம். குடும்ப ஓய்வூதியம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது கழியும். பழைய முறையில் 60 வயது முடிந்தவர்களுக்கு 3 லட்சமும் 80 முடிந்தவர்களுக்கு 5 லட்சமும் அடிப்படை விலக்கு. காப்பீட்டுப் பிரீமியம், வட்டிக்கான 50,000 ரூபாய் கழிவு போன்றவை பழைய முறையில்தான் கிடைக்கும். ஆனாலும் இந்தப் பக்கம் குடிவரும் பெரும்பாலான ஓய்வூதியர்களுக்குப் புதிய முறையே லாபம் என்பது என் கணிப்பு.

வங்கி வட்டி ஓர் ஆண்டில் 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மூத்த குடிமக்களிடமிருந்து வங்கி வரி பிடிக்கும். கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை என்றால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே 15எச் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். கணக்கு எந்த ஊர்க் கிளையில் இருந்தாலும் இணையவழியில் கொடுக்கலாம், அதற்காகச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டாம். 75 வயது முடிந்து, பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியில் வருகிறவர்கள் அந்த வங்கியில் ஓர் உறுதிமொழி கொடுத்தால், வரியை வங்கியே பிடித்துக்கொள்ளும். அவர்கள் கணக்குத் தாக்கல் செய்யவே தேவையில்லை.

கையில் மிச்சப் பணம் இருந்தால் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை முதலில் பாருங்கள். வட்டி 8.2 சதவீதம், உச்ச வரம்பு 30 லட்சம். முழுத்தொகை போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். மாதக் கணக்கில் 20,500. இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு தம்பதியின் சாப்பாடு, மின்சாரம், போக்குவரத்து எல்லாவற்றையும் இந்த ஒரு தொகை தாங்கும். விற்ற பணம் முழுவதையும் மண்ணில் போட்டுவிடாதீர்கள் என்று பின்னால் நான் சொல்லப்போவதற்கு இதுவே முதல் காரணம்.

விற்கும் ஆண்டின் கணக்கு

ஓர் உதாரணம். 2005–06-இல் 20 லட்சத்துக்கு வாங்கிய சென்னை ஃபிளாட்டை 2025–26-இல் 90 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 23-இல் மாறிய விதிப்படி, ஆதாயமான 70 லட்சத்துக்கு 12.5 சதவீதம் போட்டால் வரி 8,75,000. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு என்பதால், விலைவாசிக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம் போடும் பழைய வழியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. 2005–06-இன் குறியீடு 117, 2025–26-இன் குறியீடு 376. அதன்படி 20 லட்சம் ஏறக்குறைய 64.27 லட்சமாகிறது, ஆதாயம் 25.73 லட்சம், வரி சுமார் 5,15,000. இரண்டில் குறைந்ததைக் கட்டினால் போதும். இதன் மேல் 4 சதவீத மேல்வரி தனி.

54-ஆம் பிரிவு இன்னும் பெரிய நிவாரணம். வீடு விற்ற ஆதாயத்தைக் கொண்டு இன்னொரு குடியிருப்பு வீடு வாங்கினால், போட்ட தொகைக்கு உரிய ஆதாயத்துக்கு வரி விலக்கு. விற்பதற்கு ஓராண்டு முன்போ விற்ற இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும், கட்டுவதானால் மூன்று ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் பணம் செலவாகவில்லை என்றால் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் வங்கியில் போட்டு வைக்க வேண்டும். கிராமப்புறக் கிளைகளில் இந்தக் கணக்கு தொடங்க முடியாது, நகரக் கிளைக்குத்தான் போக வேண்டும்.

இரண்டு இடங்களில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். வீடு விற்ற பணத்தில் தென்னந்தோப்பு வாங்கினால் 54-ஆம் பிரிவின் விலக்கு கிடைக்காது, அது குடியிருப்பு வீட்டுக்கு மட்டும்தான். தோப்புக்குள் ஓர் ஓட்டு வீடு இருக்கிறது என்று தரகர் சொல்வதை நம்பி முழுத்தொகைக்கும் விலக்கு கேட்டால் வருமான வரித்துறை ஒத்துக்கொள்ளாது. அடுத்தது, விலக்குப் போக மிச்சமிருக்கும் ஆதாயமும் அந்த ஆண்டின் மொத்த வருமானத்தில் சேரும். மொத்தம் 12 லட்சத்தைத் தாண்டினால், வழக்கமாக வரியே இல்லாத உங்கள் பென்ஷனுக்கும் அந்த ஓர் ஆண்டு அடுக்கு விகிதத்தில் வரி வந்துவிடும். பத்திரம் எழுதும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பணம் கைக்கு வந்தபின் பேசினால் செய்வதற்கு அதிகம் இருக்காது.

இங்கே வாங்கும்போது

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 45 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 4,05,000 ரூபாய் இதற்கே போகும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிறிய மனை வாங்குகிறவர்கள் இதை விடக்கூடாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குகிறவரின் பொறுப்பு.

வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்துகொள்ளலாம், மிச்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள் என்று கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள். ரொக்கத்துக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் உண்மையில் கொடுத்த விலை பத்திரத்தில் இல்லை என்றால் 54-ஆம் பிரிவில் அந்த அளவுக்கு விலக்கு குறையும். நாளை பிள்ளைகள் இதை விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிந்து அவர்கள் தலையில் வரி விழும்.

பத்திரத்தைவிடப் பட்டாவை உற்றுப் பாருங்கள். கூட்டுப் பட்டாவா, தனிப் பட்டாவா? வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுக்குக் குறையாமல் போடுங்கள், மூலப்பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். மனை என்றால் நகர் ஊரமைப்பு இயக்கக அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். மலையடிவார மனை அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மாவட்டத்தின் மலையோர ஊர்கள் பல, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகின்றன. அங்கே வீடு கட்ட வேறு அனுமதியும் வேண்டும், காட்டுப்பன்றியோடும் சில இடங்களில் யானையோடும் வாழவும் வேண்டும். மேகமலைப் பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆற்றங்கரையும் வேண்டாம். 2025 அக்டோபர் வெள்ளத்தில் முல்லைப் பெரியாற்றங்கரை ஊர்கள் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும்.

தோப்பு வாங்கும் ஆசைக்கு வருகிறேன். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் மற்ற வருமானம் வரிக்குள் வந்தால் அதன் விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானத்தையும் சேர்ப்பார்கள். அதைவிட முக்கியம், இங்கே ஆள் கூலி. விடியுமுன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஜீப்பாகப் பெண்கள் இடுக்கி மலைக்கு ஏறிப் போய்விடுகிறார்கள். கீழே தோப்பில் களை எடுக்க ஆள் வேண்டும் என்றால் அந்தக் கூலிக்கு ஈடாகத்தான் கொடுக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகத் தோட்டம் பார்க்க வருகிறவர் இந்தச் செலவைத் தாங்குவது கடினம்.

வீட்டு வரி சிறிய தொகைதான். நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும், அதாவது அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும். வாங்கும்போது பழைய பாக்கி இல்லை என்ற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். காலி மனைக்கும் வரி உண்டு.

பிற்பாடு இந்த வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க நினைத்தால், குடும்பத்துக்குள் தான செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. உயிலுக்கு இந்தச் செலவும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டில் ஒண்டிக் குடியிருக்கும் பெரியவர்களை நிறையப் பார்க்கிறோம். உயில் போதும் என்பதே என் யோசனை.

அன்றாடச் செலவு

கம்பம் உழவர் சந்தைக்குக் காலையில் போனால் பள்ளத்தாக்கின் சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். வாசலில் அன்றைய விலைப்பலகை. உள்ளே அடையாள அட்டையோடு விவசாயிகள். முந்தின நாள் மாலை பறித்த கத்தரிக்காயும் அவரையும் தரகு இல்லாமல் கைக்கு வருகின்றன. தேனி, போடி, சின்னமனூர், பெரியகுளத்திலும் உழவர் சந்தைகள் உண்டு. வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் இங்கே குறைவில்லை. கம்பத்துப் பன்னீர் திராட்சை வருஷம் பூராவும் கிடைக்கும், 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. விலை ஏறும் காலம் ஒன்று உண்டு. இங்கே விளைவதில் பெரும்பங்கு குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் கேரளத்துக்குப் போகிறது. ஆவணி பிறந்து "ஓணம் வருதுல்ல சார், வெல ஏறத்தான செய்யும்" என்று கடைக்காரம்மா சொன்னால் தேவைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

குடும்ப அட்டையில் விலாசத்தை மாற்றுவதை முதல் மாதத்திலேயே செய்யுங்கள். அரிசி அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை. வீட்டம்மா சந்தைக்குப் போய்வர பஸ் செலவு கிடையாது. ஆண்களுக்கு, சென்னையில் 60 வயதில் கிடைக்கும் இலவசப் பயண டோக்கன் இங்கே இல்லை. ரயிலில் மூத்த குடிமக்கள் சலுகையும் 2020-இல் நின்றுபோனது. ஆனாலும் ரயில் திரும்பி வந்ததே இந்தப் பக்கத்துக்குப் பெரிய நன்மை. அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டு மூடிக் கிடந்த தடத்தில் 2022 மேயில் மதுரையிலிருந்து தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் வண்டி ஓடத் தொடங்கியது. சென்னைக்கு நேர் ரயிலும் உண்டு.

மின்சாரம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை விலை, 501-ஆவது யூனிட் ஓடியதுமே போய்விடும். ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியே வரும் காற்றும் சாரலும் பள்ளத்தாக்கைக் குளிர்த்திவிடுவதால் கூடலூர், கம்பம் பக்கம் ஏசி ஓடும் மாதங்கள் குறைவு. ஆண்டிபட்டிப் பக்கம் போகப் போக வெயிலும் வறட்சியும் கூடும். சொந்த வீட்டில் சூரிய மின்தகடு போட்டால், மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வாடகைக்கு 9,000, மளிகை, காய்கறி, பாலுக்கு 12,000, மின்சாரம், கேஸ், போனுக்கு 2,500, போக்குவரத்துக்கு 3,000, வேலைக்கு வரும் அம்மாவுக்கு 2,000, மருந்துக்கும் காப்பீட்டுக்கும் 8,000 என்று ஒதுக்கினால் மொத்தம் 36,500. இதில் உங்கள் பழக்கத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்கள் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: மொய். கல்யாணம், காதுகுத்து, வசந்த விழா என்று முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். முன்பு உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் செய்தவர்களின் நோட்டு அவர்கள் கையில் இருக்கிறது. மாதம் 4,000 ஒதுக்காமல் இங்கே உறவுக்குள் வாழ முடியாது, ஒதுக்குவதில் தப்பும் இல்லை.

மருத்துவம்தான் தீர்மானிக்கும்

மேலே சொன்ன சிக்கனம் எல்லாம் உடம்பு நன்றாக இருக்கும்வரை. தேனியில் குடியேறுவதா, கம்பத்தில் குடியேறுவதா என்ற கேள்வியை நான் விலையை வைத்துத் தீர்மானிக்கமாட்டேன், தூரத்தை வைத்துத் தீர்மானிப்பேன். கண்ணுக்கு அரவிந்த் கண் மருத்துவமனை 1985 முதல் தேனியில் இருக்கிறது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை, கம்பத்தில் அரசு மருத்துவமனை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். ஆனால் பெரிய இதயச் சிகிச்சை, புற்றுநோய், சிக்கலான அறுவை என்றால் பெரும்பாலும் மதுரைக்குத்தான். தேனியிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், கம்பத்திலிருந்து இன்னும் 40 கூடுதல். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் அந்த 40 கிலோமீட்டரின் மதிப்பு தெரியும். இதய நோய் உள்ளவர்கள் தேனி, பழனிசெட்டிபட்டி, க.விலக்கு சுற்று வட்டாரத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறவர்கள் வீடு பார்க்கும் முன் அந்தப் படுக்கையை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காப்பீட்டை இடம் மாறும்போது விட்டுவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் நிறுவனங்கள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்திருக்கிறது. தேனியிலும் மதுரையிலும் எந்த மருத்துவமனைகளில் ரொக்கமில்லாச் சிகிச்சை உண்டு என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி, பாலிசியோடு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, விற்ற பணத்தில் குறைந்தது ஐந்து லட்சமாவது உடனே எடுக்கும்படி வங்கியில் தனியாக இருக்கட்டும்.

வீடு விற்ற நாளிலிருந்து புது வீடு வாங்கச் சட்டம் இரண்டு ஆண்டு தருகிறது. அதில் முதல் ஆண்டை இங்கே வாடகை வீட்டில் கழியுங்கள். சித்திரை வெயிலையும் ஆடிக் காற்றையும் ஐப்பசி மழையையும் ஒரு சுற்றுப் பாருங்கள், மருத்துவமனைக்கு ஒருமுறை ராத்திரியில் போய்ப் பாருங்கள், அக்கம்பக்கம் பழகுங்கள். ஆதாயப் பணம் மூலதன ஆதாயக் கணக்கில் வட்டியோடு பத்திரமாக இருக்கும். கிரயம் பேசுவதை இரண்டாம் ஆண்டில் தொடங்கினால் போதும்.